‘உப்பு குறைவு’ விளக்கு எரிந்ததும் உப்பு வாங்காதீர்கள்: சிட்னியில் குளம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மேற்கு சிட்னியில் நீச்சல் குளத்தோடு வீடு வாங்கியிருக்கும் நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். போன குளிர்காலத்தில் ஒரு குளப் பராமரிப்பு நிறுவனம் தேவையே இல்லாத உப்பையும், தேவையே இல்லாத ஒரு செல்லையும் (உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் பாகம்) எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனது. உப்பு, செல், வந்துபோன கூலி எல்லாம் சேர்த்து 1,500 டாலருக்கு மேல். நிறுவனத்தின் பெயரை இங்கே போடப் போவதில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும், வேறு யார் அதே வேலையைச் செய்தாலும் பிடித்துவிடலாம்.

முதலில் உப்பைப் பற்றிக் கொஞ்சம். உப்புநீர்க் குளம் என்றதும் கடல்நீர் மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். கடல்நீரில் உப்பு சுமார் 35,000 பிபிஎம் (ஒரு லிட்டரில் ஏறக்குறைய எத்தனை மில்லிகிராம் என்ற அளவு). எங்கள் குளோரினேட்டருக்கு, அதாவது இந்தச் செல்லும் அதை இயக்கும் பெட்டியும் சேர்ந்த கருவிக்கு, கையேடு கேட்பது 4,000 முதல் 5,000 வரைதான். இந்த உப்புத் தண்ணீர் பம்ப், ஃபில்டர் எல்லாம் தாண்டி செல்லுக்குள் போகும். உள்ளே டைட்டானியத் தகடுகள், அவற்றின் மேல் ருத்தேனியம் மாதிரி விலை உயர்ந்த உலோகத்தின் ஆக்சைடு மெல்லிய பூச்சாக இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் உப்பிலிருந்து குளோரின் உண்டாகிறது. அந்தக் குளோரின் கிருமியையும் பாசியையும் கொன்று முடித்ததும் மறுபடி உப்பாகவே மாறிவிடுகிறது. ஆக, உப்பு செலவாவதில்லை. வெயிலில் தண்ணீர் ஆவியானாலும் உப்பு குளத்திலேயே தங்கிவிடும். ஃபில்டரை பேக்வாஷ் செய்யும்போது (தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவும்போது), மழையில் குளம் நிரம்பி வழியும்போது, பிள்ளைகள் குதித்துத் தண்ணீர் வெளியே தெறிக்கும்போது கொஞ்சம் போகும், அவ்வளவுதான். அடிக்கடி மூட்டை மூட்டையாக உப்பு போட வேண்டும் என்று ஒருவர் சொன்னால், ஒன்று உங்கள் குளம் கசிகிறது, இல்லையென்றால் அவர் பொய் சொல்கிறார்.

ஜூலை பள்ளி விடுமுறையில் எங்கள் குளோரினேட்டர் பெட்டியில் ‘உப்பு குறைவு’ என்ற சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. தபால் பெட்டியில் கிடந்த விளம்பரச் சீட்டைப் பார்த்து அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டோம். வந்தவர் விளக்கைப் பார்த்தார். தண்ணீரில் ஒரு சோதனைத் தாளைக்கூட நனைத்துப் பார்க்கவில்லை. உப்பு மிகவும் குறைந்துவிட்டது என்று சொல்லி, வேனில் இருந்து 25 கிலோ மூட்டைகள் ஆறை இறக்கிக் கொட்டினார். ஒவ்வொரு மூட்டைக்கும் ஹார்டுவேர் கடை விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போட்டிருந்தார். பாசிக்குத் தீனி பாஸ்பேட்தான் என்று ஒரு பாட்டில் பாஸ்பேட் நீக்கியும் அதோடு சேர்ந்தது.

விளக்கு அணையவில்லை. அடுத்த முறை வந்தபோது செல்லைக் கழற்றி, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, பூச்சு முழுக்கப் போய்விட்டது, செல் செத்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார். உப்பு கொட்டியும் விளக்கு எரிகிறதே, அதுதான் செல் போனதற்கு அத்தாட்சி என்று ஒரு விளக்கமும் கொடுத்தார். புதுச் செல் பெயர் எதுவும் இல்லாத வெள்ளை அட்டைப் பெட்டியில் வந்தது. மாட்டியதும் விளக்கு அணைந்தது. பழையதை வேனில் தூக்கிப் போடப் போனார். திருச்சியிலிருந்து வந்திருந்த மாமனார் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், “கழட்டுன சாமானைக் கொடுத்துட்டுப் போகச் சொல்லும்மா, அது நம்ம பொருளு” என்றார். நான் கேட்டதும் அந்த ஆள் முகம் மாறியது. அதில் ஒன்றுமில்லை, குப்பைதான் என்றார். மாமா விடவில்லை. அந்தப் பழைய செல் கையில் இருந்ததால்தான் பிறகு எங்களால் எதையும் நிரூபிக்க முடிந்தது.

இந்த விளக்கு விஷயத்தைத்தான் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். எங்களுடையது மாதிரியான பெட்டிகள் உப்பை நேரடியாக அளப்பதில்லை. செல் வழியாக எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று பார்த்து, அதை வைத்து உப்பு இவ்வளவு இருக்கும் என்று ஒரு கணிப்பைச் சொல்கின்றன. மின்சாரம் குறைவாகப் பாய்ந்தால் விளக்கு எரியும். அப்படிக் குறைய உப்புப் பற்றாக்குறை மட்டும் காரணம் இல்லை.

தண்ணீர் குளிர்ந்தால் மின்சாரம் கடத்தும் திறன் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 2 சதவீதம் குறையும். சிட்னி ஜூலையில் சூடேற்றாத குளத்தின் தண்ணீர் 13 டிகிரி வரை இறங்குவது சகஜம். 25 டிகிரியோடு ஒப்பிட்டால் கால் பங்கு போய்விடுகிறது. வெப்பத்தைக் கணக்கில் எடுக்காத பெட்டியாக இருந்தால், 4,400 உப்பு இருந்தாலும் 3,400-க்குக் கீழே இருப்பதாகத்தான் நினைக்கும். இதோடு தகடுகளில் சுண்ணாம்புப் படிவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அப்புறம், புதுச் செல் மாட்டியதும் விளக்கு அணையும் என்பதும் இதனால்தான். புதுத் தகட்டில் படிவு இல்லை, மின்சாரம் நன்றாகப் பாய்கிறது. பழைய செல்லைக் கழுவி மாட்டியிருந்தாலும் விளக்கு அணைந்திருக்கும். ஆனால் பார்த்துக்கொண்டு நிற்கும் நமக்கு, ஆள் சொன்னது சரிதான் என்று தோன்றிவிடும். குளிர்காலம்தான் இவர்களுக்கு அறுவடைக் காலம்.

அக்டோபரில் வெயில் ஏறியது. தண்ணீர் சூடானதும் பெட்டி ‘உப்பு அதிகம்’ என்று காட்டிவிட்டுத் தானாகவே நின்றுபோனது. குளோரின் நின்ற கொஞ்ச நாளில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தால், புதுப் பெட்டியே போட வேண்டியிருக்கும் என்றார்கள்! அதற்குப் பிறகுதான் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, பழைய செல்லையும் காரில் போட்டுக்கொண்டு வேறொரு கடைக்குப் போனோம். கல்லாவில் இருந்தவர் யாழ்ப்பாணத்துத் தம்பி. தண்ணீரைச் சோதித்துவிட்டு, “அக்கா, உங்கட தண்ணியில உப்புக் குறையேல்லை, நல்லாக் கூடிப்போச்சு” என்றார். 7,400.

கணக்கு போட்டுப் பாருங்கள். எங்களுடைய 50,000 லிட்டர் குளத்தில் 50 கிலோ உப்பு போட்டால் 1,000 பிபிஎம் ஏறும். அவர் கொட்டியது 150 கிலோ, அதாவது 3,000. எனவே அவர் வருவதற்கு முன்பே தண்ணீரில் குறைந்தது 4,400 இருந்திருக்கிறது. ஒரு மூட்டைகூடத் தேவைப்பட்டிருக்கவில்லை. சோதனைத் தாளை ஒரே ஒரு தடவை நனைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 8.2 இருந்தது, குளோரினை வெயிலிலிருந்து காக்கும் ஸ்டெபிலைசர் கிட்டத்தட்ட இல்லை. இந்த இரண்டையும் அந்த ஆள் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. உப்புநீர்க் குளத்தில் பி.எச். ஏறிக்கொண்டே இருக்கும். அதை அவ்வப்போது ஆசிட் விட்டு 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் வைக்காவிட்டால் சுண்ணாம்பு பிரிந்து தகட்டில் ஒட்டும். ஸ்டெபிலைசர் இல்லாவிட்டால் செல் பகலில் தயாரிக்கும் குளோரினைச் சில மணி நேரத்திலேயே வெயில் தின்றுவிடும். உப்பு மூட்டையை விட இந்த இரண்டு அளவுகள்தான் குளத்தைக் காப்பாற்றுகின்றன.

அந்தத் தம்பி செல்லை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வெந்நீர்க் கெட்டிலின் அடியில் படிவது போல, தகடுகளின் இடுக்கெல்லாம் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. கடையின் பின்பக்கம் ஒரு வாளியில் பத்துப் பங்கு தண்ணீர் எடுத்து, அதில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை விட்டார். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். செல்லை உள்ளே வைத்ததும் சுர்ரென்று நுரைத்தது. நுரை அடங்கியதும் எடுத்து அலசினால், கருஞ்சாம்பல் நிறத்தில் தகடுகள் அத்தனையும் முழுசாக இருந்தன. பூச்சு போகவே இல்லை.

இதை வீட்டிலேயே செய்யலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ஆசிட்டையும் குளோரினையும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள், பக்கத்துப் பக்கத்திலும் வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் விட்டுச் சுரண்டினால் பூச்சு உரிந்துவிடும், அப்போது செல் உண்மையாகவே செத்துப்போகும். ஆசிட்டும் அந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும் என்பதால், படிவு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் கழுவினால் போதும்.

செல்லுக்கும் ஆயுள் இருக்கிறது, ஒரு நாள் மாற்றத்தான் வேண்டும். அந்த நாள் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பெட்டியை முழு அளவில் ஓடவிட்டு, சுத்தமான தண்ணீர் குளத்துக்குள் திரும்பி வரும் துவாரத்தின் வாயிலேயே கொஞ்சம் தண்ணீர் பிடியுங்கள். குளத்தின் மறு மூலையில் இன்னொரு பாட்டில். இரண்டிலும் குளோரினை அளந்தால், துவாரத்துத் தண்ணீரில் அதிகமாக இருக்க வேண்டும். இருந்தால் செல் வேலை செய்கிறது, யார் என்ன சொன்னாலும் சரி. எங்கள் பழைய செல்லை மாட்டி இப்படித்தான் சோதித்தோம். நன்றாகவே குளோரின் வந்தது.

ஏறிய உப்பை இறக்க மருந்து எதுவும் கிடையாது, தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். 7,400-ஐ 4,500-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 20,000 லிட்டர். அதை மழைநீர் வடிகாலில் விடக் கூடாது, கழிவுநீர்க் குழாயில்தான் விட வேண்டும். ஒரேயடியாகக் குளத்தைக் காலி செய்யவும் கூடாது, அடியில் நிலத்தடி நீர் அழுத்தினால் குளத்தின் தொட்டியே மேலே கிளம்பிவிடும். பகுதி பகுதியாக இறக்கி நிரப்பினோம்.

அதன் பிறகு பணத்தைக் கேட்டு எழுதினோம். 2011 முதல் நடப்பில் இருக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தில் இதற்கு நேரடியாக இடம் இருக்கிறது: ஒரு பொருளோ சேவையோ தேவை என்று பொய்யாகச் சொல்லி விற்பது தவறு. முதல் கடிதத்துக்கு, எங்கள் ஆள் அனுபவசாலி, அவர் தீர்ப்பு சரிதான் என்று பதில் வந்தது. நாங்கள் கடையின் சோதனைச் சீட்டு, ஆசிட்டில் கழுவும் முன்னும் பின்னும் எடுத்த செல்லின் படங்கள், மேலே சொன்ன உப்புக் கணக்கு எல்லாவற்றையும் வைத்து மாநில அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங்கில் புகார் கொடுத்தோம். அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. அவர்கள் பேசியதும் நிறுவனம் இறங்கி வந்தது. புதுச் செல்லைத் திருப்பிக் கொடுத்து அதன் விலையை வாங்கினோம். உப்புக்கும் கூலிக்கும் கொடுத்த பணம் வரவில்லை.

எங்களுக்கு வந்த பில்லில் ‘செல் மாற்றம், சர்வீஸ்’ என்று ஒரே வரிதான் இருந்தது. பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று பிரித்துக் கேட்க நமக்கு உரிமை உண்டு. பில் வந்த 30 நாளுக்குள் கேட்டால், அவர்கள் 7 நாளுக்குள் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். உங்கள் கையில் அப்படி ஒற்றை வரி பில் இருந்து 30 நாள் இன்னும் தாண்டவில்லை என்றால் இன்றைக்கே மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், போனில் வேண்டாம். கழற்றிய செல் இன்னும் அவர்களிடம் இருந்தால் அதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.