முதல் அனலாக் சிந்த்: வோல்காவா, மோனோலாக்கா?

சோமனூர்ப் பக்கம் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு, சுரங்களைப் படிபடியாக அடுக்கித் திரும்பத் திரும்ப ஓடவிடும் ஸ்டெப் சீக்வென்சர் சீக்கிரம் பிடிபடும். ஒரே சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு குமிழைத் திருகினால் அதே சுற்றின் நிறம் மாறிவிடும். நாகஸ்வரம் பழகும் அக்கா மகனுக்கு இப்போது அனலாக் சிந்த், அதாவது மின்சுற்றில் ஒலியை உண்டாக்கும் கருவி, வாங்க ஆசை. போன வாரம் கேட்டான்: "மாமா, மொதல்ல எதை வாங்கறதுங்க?"

கோர்க் வோல்கா கீஸ் 2013இல் வந்தது. மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும். ஸ்பீக்கரும், எதிரொலி தரும் டிலேயும் உள்ளேயே உண்டு. ஆறு பென்சில் பேட்டரி போட்டால் கரண்ட் போனாலும் வாசிக்கலாம். விசைகள் வெறும் தொடுபட்டைதான். சீக்வென்ஸைச் சேமிக்கும், குமிழ்கள் நின்ற நிலையைச் சேமிக்காது. பிடித்த ஒலியைப் போனில் படம் எடுத்து வைத்து, மறுநாள் கையால் மீட்க வேண்டும். பலர் இதைக் குறை என்பார்கள். ஒலியை வடிகட்டும் ஃபில்டர் என்ன செய்கிறது, ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வகுக்கும் என்வலப் என்ன செய்கிறது என்று எனக்குப் புரிந்ததே அப்படி மீட்டு மீட்டுத்தான்.

மோனோலாக்கும் கோர்க்கினுடையதே, பேட்டரியிலும் ஓடும். ஒரு நேரத்தில் ஒரே சுரம், ஆனால் ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர் இரண்டு, 25 நிஜ விசைகள், 100 ஒலிகளுக்கு இடம். அலை வடிவம் சின்னத் திரையில் தெரியும். நமக்கு முக்கியம் இரண்டு. ஒவ்வொரு சுரத்தின் சுருதியையும் நுணுக்கமாக நகர்த்தலாம். அப்புறம், வேண்டிய படியில் மட்டும் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லலாம். முழுக் கமகம் வராது, அதன் சாயல் வரும். 1981இல் வந்த ரோலண்ட் டிபி-303 என்ற பேஸ் சிந்திலும் இந்த வழுக்கல் இருந்தது. அதையும் சேர்த்து வைத்து மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982இலேயே ராகங்கள் வாசித்துப் பதிவுசெய்தார்.

தாளத்தில் இரண்டும் சமம். 16 படியில் இரண்டை அணைத்து 14 ஆக்கினால், ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாப்பு இரட்டிப்பாக உட்காரும்.

விலை குறைவு என்று கோர்க்கின் எஸ்க்யூ-1ஐ மட்டும் வாங்கிவிடக் கூடாது. அது சீக்வென்சர் மட்டுமே, தானாக ஒலிக்காது.

கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து, வாசிக்க ஆசைப்பட்டால் வோல்கா. எங்கள் பையன் மனசெல்லாம் ஒற்றை மெட்டில் இருக்கிறது, அதனால் மோனோலாக் என்று சொல்லிவிட்டேன். முதல் வாரம் மோகனத்தின் ஐந்து சுரங்களை 16 படிகளில் அடுக்கி ஓடவிட்டு, ஃபில்டரின் கட்ஆஃப் குமிழை மட்டும் தொடச் சொல்லியிருக்கிறேன்.