ஐமெக்கா, லெட்டியா, ஃப்ரான்ஹோஃபரா: சேதராப்பட்டிலிருந்து ஒரு கணக்கு

கிள்ளை பக்கத்து இறால் குட்டைகளில் விடியற்காலை நான்கு மணிதான் பயப்பட வேண்டிய நேரம். இரவு முழுக்கப் பாசியும் இறாலும் மூச்சு விட்டு, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். அந்த நேரம் பார்த்து, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றால், விடிவதற்குள் ஒரு போக உழைப்பே போய்விடும். அந்த ஆக்சிஜனை அளந்து போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவியைத்தான் புதுச்சேரி சேதராப்பட்டில் எங்கள் சின்ன யூனிட்டில் செய்கிறோம். சென்சாரிலிருந்து வருவதோ மிகமிகச் சின்ன மின்னோட்டம். அதைப் படிக்க போர்டில் இருபது முப்பது பாகங்கள். உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் சால்டரிங் மேல் பச்சை பூத்துவிடும், அளவு தப்பிவிடும். அத்தனையையும் ஒரே சிப்பில் அடக்கிவிட்டால் உப்பு நுழைய இடமே இருக்காது.

அந்த ஆசையில் ஒரு கல்லூரியோடு சேர்ந்தோம். புரிந்துணர்வு ஒப்பந்தம், பொன்னாடை, போட்டோ எல்லாம் ஆயிற்று. டிசைனும் பாதிக்கு மேல் வந்தது. அப்புறம் காப்புரிமை யார் பெயரில் என்ற கேள்வி எழுந்தது. ஒப்பந்தத்தைப் புரட்டினால் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்கள் ஏமாற்றவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வேலை செய்த மாணவர்கள் படிப்பு முடிந்து போனார்கள், இரண்டு வருடம் போனது.

அதற்குப் பிறகுதான் உலகத்தில் சிப் துறையின் பெரிய ஆய்வு நிலையங்கள் கம்பெனிகளோடு எப்படிக் கூட்டு வைக்கின்றன என்று உட்கார்ந்து படித்தேன். ஒரே ஒரு கேள்வியை வைத்து ஒப்பிட்டேன்: கண்டுபிடித்தது கடைசியில் யார் கையில் இருக்கும்?

பெல்ஜியத்தில் லூவன் நகரத்து ஐமெக், 1984-இல் தொடங்கியது. நம் கரையில் கரைவலை இழுப்பது போன்ற ஏற்பாடு. கயிற்றைப் பல பேர் இழுப்பார்கள், மீன் கரைக்கு வந்ததும் வலைக்காரருக்கும் இழுத்தவர்களுக்கும் பங்கு என்ன என்பது இழுக்கும் முன்பே தெரியும். இன்டெல், சாம்சங், டிஎஸ்எம்சி என்று சிப் செய்து சந்தையில் முட்டிக்கொள்பவர்கள் எல்லோரும் ஐமெக்கின் பங்காளிகள். பணம் கட்டுவதோடு தங்கள் இன்ஜினியர்களையும் அங்கே அனுப்பி உட்கார வைக்கிறார்கள். வரும் முடிவுகள் மூன்று விதம். சில ஐமெக்குக்கே சொந்தம், அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். சில ஐமெக்கும் அந்தக் கம்பெனியும் கூட்டாக வைத்துக்கொள்வது. சில, கம்பெனி தனக்கென்று தனியாகச் செய்துகொள்வது, அதை மற்றவர்கள் பார்க்க முடியாது. பங்கு பிரிப்பது கையெழுத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஐமெக் தானே சிப் செய்து சந்தைக்கு வருவதில்லை. அதனால் யாருக்கும் அது போட்டி இல்லை. எடுக்கும் வேலையும் உற்பத்திக்குப் பல வருடம் முந்தியது, இன்னும் யாருடைய சரக்காகவும் ஆகாதது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் எதிரிகள் ஒரே கூரையின் கீழ் உட்கார மாட்டார்கள்.

அப்படி உட்கார முடியாமல் தடுமாறியதற்கு அமெரிக்காவில் சிப் கம்பெனிகள் கூடி அமைத்த செமடெக் சாட்சி. ஜப்பானின் போட்டியைச் சமாளிக்க 1987-இல் 14 கம்பெனிகள் சேர்ந்தன, அரசும் வருடத்துக்குப் பத்து கோடி டாலர் கொடுத்தது. தயாரிப்பு முறையையே சேர்ந்து உருவாக்கலாம் என்று ஆரம்பித்தார்கள். ஆனால் அதுதானே ஒவ்வொருவரின் பிழைப்பு ரகசியம்? எவரும் நல்லதைக் கொண்டுவந்து நடுவில் வைக்கவில்லை. பிறகு எல்லோருக்கும் மெஷின் விற்கும் உள்நாட்டுக் கம்பெனிகளைத் தேற்றுவது என்று திரும்பியபோதுதான் வேலை நகர்ந்தது.

புதுச்சேரிக்காரனுக்கு கிரெனோபிள் நகரத்து லெட்டி மேல் ஒரு தனி ஒட்டுதல் வரும், பிரெஞ்சு படித்தவர்கள் வீதிக்கு வீதி இருக்கும் ஊர் இது. 1967-இல் பிரான்சின் அணுசக்தி ஆணையத்துக்குள் பிறந்த நிலையம். அவர்கள் வழிக்கு நல்ல உதாரணம் 'ஸ்மார்ட் கட்'. சிலிக்கான் தகட்டுக்குள் ஹைட்ரஜன் அயனிகளைக் குறிப்பிட்ட ஆழத்தில் செலுத்தி, இன்னொரு தகட்டின் மேல் கவிழ்த்து ஒட்டி, சூடாக்குகிறார்கள். அந்த ஆழத்திலேயே தகடு பிளந்து, மெல்லிய ஏடு மட்டும் ஒட்டிக்கொள்ளும். மிச்சத் தகட்டைத் திரும்பவும் பயன்படுத்தலாம். லெட்டியில் 1991-இல் மிஷேல் ப்ரூயேல் இதற்குக் காப்புரிமை கேட்டார். அடுத்த வருடமே லெட்டி ஆட்கள் வெளியே வந்து சோய்டெக்கைத் தொடங்கினார்கள். இன்று அந்த வகைத் தகடு என்றாலே சோய்டெக்தான். அதாவது, பலருக்குப் பங்கு போடாமல், ஒரு கம்பெனியைப் பெற்று வளர்த்து அனுப்பும் வழி. எனக்கு மனசுக்குப் பிடித்தது இதுதான்.

தைவான் அரசு ஆதரவு ஆய்வு நிலையமான ஐடிஆர்ஐ இதையே இன்னும் பெரிதாகச் செய்தது. 1976-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனியிடம் தொழில்நுட்பம் வாங்கி, இளைஞர்களை அங்கே அனுப்பிக் கற்க வைத்தது. அந்த நிலையத்திலிருந்துதான் 1980-இல் யுஎம்சியும் 1987-இல் டிஎஸ்எம்சியும் சிப் கம்பெனிகளாகக் கிளம்பின.

ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிலையங்கள் பற்றி நீட்ட வேண்டாம். கம்பெனி ஒரு வேலை சொல்லும், அவர்கள் கூலிக்குச் செய்து தருவார்கள். சின்ன, நடுத்தர யூனிட்டுக்குக் கணக்கு தெளிவான இடம். ஆனால் முழுக் கூலியை யூரோவில் கொடுக்க எங்களால் ஆகாது.

சரி, எங்களுக்கு எது? நானோமீட்டர் எண் குறையக் குறைய சிப்புக்குள் இருக்கும் பாகங்கள் இன்னும் நுணுக்கம். ஐமெக்கின் பெரிய திட்டங்கள் 2 நானோமீட்டருக்குக் கீழே போகத் துடிப்பவர்களுக்கு. குட்டை ஆக்சிஜனைப் படிக்கும் அனலாக் சிப்புக்கு 180 நானோமீட்டரே தாராளம். அந்த வசதி மொகாலியில் எஸ்சிஎல் என்ற அரசு சிப் ஆலையில் இருக்கிறது. டிசைன் மென்பொருளை ஸ்டார்ட்அப்புகளுக்கும் கல்லூரிகளுக்கும் திறந்துவிட பெங்களூருவில், அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கில் சிப்-இன் மையம் இருக்கிறது. ஒரே வேஃபரில், அதாவது ஒரே சிலிக்கான் தகட்டில், பல பேருடைய டிசைனைப் பக்கம் பக்கமாக வைத்து அச்சடிப்பதால், அச்சுக்கு வேண்டிய மாஸ்க் செலவும் பிரிந்துவிடும். ஆக, ஆலையும் மென்பொருளும் நம் நாட்டில், ஒப்பந்தம் மட்டும் லூவன் மாதிரி. இதுதான் என் தேர்வு. லெட்டி மாதிரி மாணவர்களையே கம்பெனி தொடங்க வைப்பதற்கு, தோற்றாலும் இரண்டு மூன்று வருடம் தாங்கும் பணம் பின்னால் வேண்டும். இந்தப் பக்கத்தில் அது இன்னும் இல்லை.

இப்போது வேறொரு கல்லூரியோடு பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை பொன்னாடைக்கு முன்னால் மூன்று வரி எழுதி மேஜையில் வைத்தேன். நாங்கள் கொண்டுவரும் சென்சார் அளவுகள் எங்களுடையவை. சேர்ந்து வரைந்த சர்க்யூட் இருவருக்கும் சொந்தம், ஒருவர் பயன்படுத்த மற்றவரைக் கேட்க வேண்டியதில்லை. மாணவர் பெயர் காப்புரிமையில் கண்டுபிடிப்பாளராக இருக்கும். துறைத் தலைவர் மூன்றாவது வரியை இரண்டு முறை படித்துவிட்டு, முதலில் அதில்தான் டிக் போட்டார்.