பட்டியலா, வேர்ச்சொல்லா, வர்க்கி டப்பாவா?

கோத்தகிரியில் என் அக்கா மகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். கடினமான ஆங்கிலச் சொற்களை எப்படி மண்டையில் ஏற்றுவது என்று வீட்டில் ஒரே விவாதம். மூன்று வழிகளையும் அவளோடு சேர்ந்து நானும் பார்த்துவிட்டேன்.

முதலில், தினம் இருபது சொல் மனப்பாடம். பட்டியலில் ‘நொட்டோரியஸ்’ என்றால் ‘பெயர்பெற்ற’ என்று போட்டிருந்தது. தன் தலைமையாசிரியரைப் பற்றிய கட்டுரையில் அதை எழுதி வைத்தாள். கெட்டதற்குப் பெயர்போன ஆளைத்தான் அப்படிச் சொல்வார்கள். பாவம் மனுஷன்!

அப்புறம் வேர்ச்சொல். எனக்குப் பிடித்தது இதுதான். லத்தீனில் ‘பிரேசெப்ஸ்’ என்றால் தலைகுப்புற. அதன் வழியில் வந்தவைதான் செங்குத்துச் சரிவைச் சொல்லும் ‘பிரெசிப்பிட்டஸ்’, மழையும் பனியுமாக மேலிருந்து விழுவதைச் சொல்லும் ‘பிரெசிப்பிட்டேஷன்’, முன்பின் யோசிக்காத அவசரத்தைச் சொல்லும் ‘பிரெசிப்பிட்டேட்’. ஐப்பசி மழையில், முந்தத் துடிக்கும் டிரைவரோடு குன்னூர் மலைப்பாதையில் போனவருக்கு மூன்றும் ஒரே வளைவில் விளங்கிவிடும்.

ஆனால் வேர் காலையும் வாரும். பெட்ரோல் டேங்கரில் ‘இன்ஃபிளேமபிள்’ என்றிருந்ததைப் பார்த்து, ‘இன்’ என்றால் இல்லை, அதனால் தீப்பிடிக்காது என்றாள். எளிதில் தீப்பற்றும் என்பதே பொருள். அங்கே வரும் ‘இன்’, ‘உள்ளே’ என்ற பொருளில் வரும் லத்தீன் முன்னொட்டு.

மூன்றாவது, அட்டை முறை. 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் தன் புத்தகத்தில் எழுதி, அவர் பெயராலேயே பரவியது. காலியான ஊட்டி வர்க்கி டப்பாவில் ஐந்து தடுப்பு வைத்தோம். அட்டையின் முன்னால் சொல். பின்னால் பொருளும் அவளே எழுதிய வாக்கியமும். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தப்பினால், பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி, எங்கிருந்தாலும் முதல் அறைக்கே. முதல் அறையைத் தினமும், மற்றவற்றை நாள் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். மறக்கப்போகும் நேரத்தில் திரும்ப வருவதால்தான் சொல் நிற்கிறது. இதே வேலையை ‘ஆன்கி’ செயலியும் செய்யும். ஆனால் போனை எடுத்தவள் ரீல்ஸில் இறங்கிவிடுகிறாள்.

என் ஓட்டு டப்பாவுக்குத்தான். அட்டையின் ஓரத்தில் வேரையும் குறிக்கச் சொன்னேன். பட்டியல், எந்தச் சொல்லைப் படிக்கலாம் என்று தேர்ந்தெடுக்க மட்டும்.

‘நொட்டோரியஸ்’ இப்போது நான்காவது அறையில் இருக்கிறது. ராத்திரியில் கடைக்கதவை உடைக்கும் கரடியை வைத்துப் புது வாக்கியம் எழுதியிருக்கிறாள்.