சம்பளப் பட்டியலையும் லாபக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகம்

திருப்பூரில் பின்னலாடைத் தைப்புக் கம்பெனி நடத்தும் கூட்டாளிகளுள் நானும் ஒருவன். எங்கள் 2024–25ஆம் ஆண்டுக் கணக்கை அவிநாசி சாலையிலுள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்திடம் ஒப்படைத்திருந்தோம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலைகளை ஓர் ஆலோசகரும் வருமான வரியை வேறொருவரும் கவனிப்பது எங்கள் ஊரில் பரவலான வழக்கம். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காததால்தான் பல கம்பெனிகள் தேவையில்லாமல் வரி கட்டுகின்றன என்பது என் உறுதியான எண்ணம். இந்த ஆடிட்டர் அலுவலகத்தார் இரண்டையும் ஒன்றாகவே கவனிக்கிறார்கள்.

தொழிலாளியின் சம்பளத்தில் பி.எஃப்.புக்காக 12 விழுக்காடும் இ.எஸ்.ஐ.க்காக 0.75 விழுக்காடும் பிடித்தால், அதை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். முதலாளியின் பங்கைச் சற்றுத் தாமதித்தாலும், வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டிவிட்டால் அது செலவாக ஏற்கப்படும். ஆனால் தொழிலாளியிடம் பிடித்த பணத்தைத் தாமதமாகக் கட்டினால், பின்னர் முழுவதும் கட்டிவிட்டாலும் அதை லாபத்திலிருந்து செலவாகக் கழிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்தது. கூட்டாண்மை நிறுவனத்துக்கு வரி 30 விழுக்காடு, அதன்மேல் 4 விழுக்காடு செஸ் (வரியின் மீதான கூடுதல் வரி) என்பதால், எங்கள் 2024–25ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய் இவ்வாறு தவறியிருந்தால் 31,200 ரூபாய் வரியாகப் போயிருக்கும். எனவே ஒவ்வொரு மாதமும் கெடுவுக்கு முன்பே இவ்வலுவலகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்துவிடும். சலான் ரசீதை அனுப்பும்வரை விடமாட்டார்கள்.

நான் மிகவும் மதிப்பது, புதிய ஆட்களுக்கான சலுகையை அவர்கள் கையாண்ட விதத்தைத்தான். தணிக்கைக்கு உட்பட்ட நிறுவனத்தில் முந்தைய ஆண்டைவிட ஆள் எண்ணிக்கை கூடியிருந்தால், மாதம் 25,000 ரூபாய்க்கு மிகாத சம்பளத்தில் சேர்ந்த புதியவர்களுக்குக் கொடுத்த கூடுதல் சம்பளத்தில் 30 விழுக்காட்டை, வழக்கமான செலவுக்கு மேல், மூன்று ஆண்டுகளுக்குக் கழித்துக்கொள்ளலாம். பெரும்பாலான தொழில்களில் அவர்கள் ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஆடைத் தொழிலில் 150 நாள் போதும். அவர்கள் பி.எஃப். உறுப்பினராக இருப்பதும், சம்பளம் வங்கி வழியாகச் செல்வதும் கட்டாயம். சனிக்கிழமைச் சம்பளத்தை உறையில் போட்டுக் கொடுக்கும் பழக்கம் இன்னும் விடாத ஊரில், ஆண்டுத் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிப் பட்டியலைத் திருத்தி எழுதவைத்தது பெரிய உதவி. ஆண்டு முடிந்தபின் சொல்லியிருந்தால் பயனே இருந்திருக்காது.

எங்களுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் பல்லடம் பக்கத்துப் பவர் டேபிள்காரர்களுக்கான கூலியிலும் இதே கவனம் இருந்தது. தனிநபரானால் ஒரு விழுக்காடு, பான் எண் தராவிட்டால் 20 விழுக்காடு டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி) என்பது பலருக்கும் தெரியும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தராமல் மார்ச் 31ஐக் கடத்தினால், அத்தொகை அவ்வாண்டின் லாபத்தோடு சேர்ந்துவிடும் என்பதை அவர்கள்தான் ஒவ்வொரு பில்லாக எடுத்துக் காட்டினார்கள். கூட்டாளிகளுக்குத் தரும் சம்பளத்துக்கும் வட்டிக்கும், ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், 2025 ஏப்ரல் முதல் 10 விழுக்காடு டி.டி.எஸ். பிடிக்க வேண்டும் என்பதையும் மார்ச்சிலேயே தெரிவித்துவிட்டார்கள்.

குறைகளும் உண்டு. தணிக்கை நெருக்கும் செப்டம்பரில் அலுவலகத்தின் தலைமை ஆடிட்டரான பெரியவரைச் சந்திக்க நேரம் கிடைப்பது அரிது. உதவியாளர்கள் பொறுமையாகப் பேசினாலும், முடிவு சொல்ல அவரையே எதிர்பார்க்கிறார்கள். கட்டணம் இருவரிடம் தனித்தனியாகக் கொடுப்பதைவிட அதிகம். எந்த வேலைக்கு எவ்வளவு என்று பில்லில் பிரித்துக் காட்டுவதும் இல்லை. மாநகராட்சிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டிய தொழில் வரியை அவர்கள் கையில் எடுப்பதில்லை. அதை நம் கணக்குப்பிள்ளையே பட்டியல் போட்டுக் கட்டிவர வேண்டும்.