ரூமர்ஸா, டஸ்க்கா?

ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழுவின் இந்த இரண்டு ஆல்பங்களைப் பற்றிய பேச்சு எப்போதும் விற்பனைக் கணக்கில்தான் தொடங்குகிறது. 1977-இல் வந்த ரூமர்ஸ், அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் வாங்கியது. 1979-இல் வந்த டஸ்க் அதே பட்டியலில் நான்காம் இடத்தோடு நின்றுவிட்டது. 10 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து எடுத்த இரட்டை ஆல்பம் என்பதால், லட்சக்கணக்கில் விற்றும் அதற்குத் ‘தோல்வி’ என்று பெயர் வந்தது. அநியாயமான பெயர்.

சரி, பாட்டுக்கு வருவோம். ரூமர்ஸ் உருவான நேரத்தில் குழுவுக்குள் இரண்டு ஜோடிகள் பிரிந்துகொண்டிருந்தன. பாடகி ஸ்டீவி நிக்ஸை நினைத்து, அவருடைய முன்னாள் காதலர் லிண்ட்சி பக்கிங்ஹாம் எழுதிய கோபமான பாட்டில், ஸ்டீவியே பின்குரல் பாடுகிறார். கிறிஸ்டின் மெக்வீ தன் புதிய காதலைப் பாட, அவர் விட்டுப் பிரிந்த கணவர் ஜான் பேஸ் கிடார் வாசிக்கிறார். மனசு உடைந்தவர்கள் ஒருவர் பாட்டுக்கு ஒருவர் இப்படி உழைத்திருப்பதுதான் என்னை இன்றும் உலுக்குகிறது. அதன் உச்சம் ‘தி செயின்’. அந்த ஆல்பத்தில் ஐந்து பேரின் பெயரும் சேர்ந்து வரும் ஒரே பாட்டு அது. வெவ்வேறு துண்டுகளை ஒட்டித்தான் அதை உருவாக்கினார்கள். நடுவில் எல்லாம் அடங்கி, ஜானின் பேஸ் மட்டும் தனியாக எழும் இடத்தில் ஒட்டு எதுவும் காதுக்குத் தெரியாது.

டஸ்க்கில் அந்தச் சேர்மானம் இல்லை. பங்க், நியூ வேவ் என்ற அன்றைய புதிய ராக் பாணிகளால் ஈர்க்கப்பட்டிருந்த லிண்ட்சி, இன்னொரு ரூமர்ஸ் செய்ய மறுத்து, பல பகுதிகளைத் தன் வீட்டிலேயே தனியாகப் பதிவு செய்தார். கிறிஸ்டினின் மென்மையான முதல் பாட்டு முடிந்ததும் லிண்ட்சியின் ‘தி லெட்ஜ்’ தடதடவென்று வந்து விழுகிறது. 20 பாட்டில் ஒன்பது அவருடையவை. இரண்டு மூன்றைக் குறைத்திருக்கலாம். ஆனால் தலைப்புப் பாட்டைத் தொட விடமாட்டேன். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு இசைக்குழுவை டாட்ஜர் மைதானத்துக்கு வரவழைத்துப் பதிவு செய்தார்கள். அந்தத் துணிச்சல் காதில் அப்படியே கேட்கிறது.

டஸ்க் என்றாலே லிண்ட்சியின் பரிசோதனை என்று பேசுகிறவர்கள் ஸ்டீவியை மறந்துவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ‘ஸ்டார்ம்ஸ்’, ‘பியூட்டிஃபுல் சைல்ட்’ இரண்டிலும் இருக்கிற அமைதியான துக்கம் ரூமர்ஸில்கூட இல்லை.

ஆல்பமாக, ஒரே மூச்சில் கேட்க, ரூமர்ஸ்தான் மேல். ஆனால் ஸ்டீவிக்காக என்றால் தயங்காமல் டஸ்க்கைக் கையில் எடுப்பேன். அப்புறம், டஸ்க்கின் பழைய சிடி கிடைத்தால் அதில் ஸ்டீவியின் ‘சாரா’ பாட்டின் நீளத்தைப் பாருங்கள். 1980-களில் ஒரே வட்டில் அடக்குவதற்காக அந்தப் பாட்டை வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுவதுதான் முழுப் பாட்டு.