நடு ஹாலுக்கு வெளிச்சம்: கூரையைத் திறப்பதா, சுவரைத் திறப்பதா?

இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டிருக்கும் 20 அடி மனையில் வீடு கட்டினால் கதை ஒன்றுதான். முன்னறை வெளிச்சம், பின்னால் அடுப்படி வெளிச்சம், நடு ஹாலில் மட்டும் மதியம் 12 மணிக்கும் ட்யூப்லைட். முற்றம் விட இடமில்லை. அப்புறம் மிஞ்சுவது கூரைக் கண்ணாடி, பாலிகார்பனேட் ஷீட் (வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் தகடு), கண்ணாடிச் செங்கல், மண் ஜாலி (ஓட்டை ஓட்டையாக விட்டுக் கட்டும் செங்கல் அல்லது சுட்ட மண் சுவர்).

பலரும் முதலில் கேட்பது கூரைக் கண்ணாடி. படத்தில் அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படங்களில் பாதி குளிர்நாட்டு வீடுகள். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. சாதாரண 6 மி.மீ. கண்ணாடி வெயிலின் சூட்டில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். எங்கள் வீட்டு மாடிப்படிக்கு மேல் 4 அடிக்கு 4 அடி கண்ணாடி போட்டோம். மே மாத மதியத்தில் அந்தச் சதுர வெயில் ரெட் ஆக்சைடு தரையில் இறங்கும். வெறுங்காலோடு மிதித்தால் சுரீர் என்றிருக்கும். கடைசியில் மேலே பச்சை வலை கட்டினோம். வெளிச்சத்துக்காகச் செலவழித்துவிட்டு, அதை மறைக்கவும் செலவு!

அளவில்தான் தப்பு செய்தோம். வானத்தைப் பார்த்த திறப்பு, அதே அளவு ஜன்னலைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும். பழைய ஓட்டு வீடுகளில் அத்தனை ஓட்டுக்கு நடுவே ஒன்றோ இரண்டோ கண்ணாடி ஓடு வைத்தார்களே, அது கஞ்சத்தனம் இல்லை. கூரைக் கண்ணாடிதான் வேண்டுமென்றால் சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு நீளமாக விடுங்கள். வெயில் தரையில் விழாமல் சுவரில் வழியும். கண்ணாடி லேமினேட்டடாக, அதாவது நடுவே படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடியாக இருக்கட்டும். டஃபன்டு (சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி) மட்டும் போட்டால், உடையும்போது துகள் துகளாகத் தலையில் கொட்டும். லேமினேட்டடில் அந்தப் படலம் சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும்.

பாலிகார்பனேட் விலை குறைவு, எடையும் குறைவு. ஷீட்டில் பொதுவாக ஒரு முகத்துக்குத்தான் புற ஊதாக் காப்புப் பூச்சு. மேலே ஒட்டியிருக்கும் படலத்தில் எந்தப் பக்கம் வெயிலைப் பார்க்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். வேலையாள் முதலில் படலத்தை உரித்துப் போட்டுவிட்டால் முடிந்தது. பக்கம் மாறிப் போனால் சீக்கிரமே மஞ்சளித்துவிடும். ஐப்பசி மழைச் சத்தத்தில் அதன் கீழே உட்கார்ந்து போன் பேச முடியாது என்பது தனி.

கண்ணாடிச் செங்கல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளியலறைக்கு நல்லது. காற்று வராது, பாரம் தாங்காது.

என் ஓட்டு ஜாலிக்கு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு 1970களில் கட்டிய சுவர்களைப் பாருங்கள். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியே ஜன்னலின் வேலையை வாங்கியிருக்கிறார். சட்டம் இல்லை, கதவு இல்லை, கம்பி இல்லை. வெயில் ஒவ்வொரு ஓட்டையின் பக்கவாட்டிலும் பட்டுச் சிதறித்தான் உள்ளே வரும், அதனால் கண் கூசாது. சூடான காற்றும் அதே வழியாக வெளியேறும், கண்ணாடியால் முடியாத வேலை அது. குறைகளும் உண்டு. வெளிச்சம் குறைவு, தூசு படியும், உள்பக்கம் கழற்றி மாட்டும் கொசுவலை இல்லாவிட்டால் மாலை 6 மணிக்கு மேல் ஹாலில் இருக்க முடியாது, காற்றோடு அடிக்கும் மழைக்குச் சாரல் வரும். மேலே ஒன்றரை அடி சன்ஷேடு இருந்தால் சாரல் ஓரளவு அடங்கும்.

பக்கச் சுவரே கிடைக்காத நடு ஹாலில் ஜாலியை எங்கே வைப்பது? ஹெட்ரூமில். படிக்கட்டுக்கு மேல் எழும்பும் அந்த அறையை இன்னும் இரண்டடி உயர்த்தி, வடக்கிலும் தெற்கிலும் ஜாலி வையுங்கள். அந்தப் பக்கங்களில் மதிய வெயில் உயரத்திலிருந்து வருவதால் சின்ன சன்ஷேடே தடுத்துவிடும். கிழக்கும் மேற்கும் வேண்டாம். சாய்ந்து வரும் வெயிலுக்குச் சன்ஷேடு ஒரு பொருட்டில்லை.

சரி, இவ்வளவும் செய்துவிட்டு உள்ளே என்ன பூசுகிறீர்கள்? வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பும், பூசாத செங்கல் சுவர் கால் பங்கைத்தான். என் நண்பர் ஒருவர் ஹெட்ரூமில் அருமையாக ஜாலி வைத்தார். படிக்கட்டுச் சுவரைப் பூசாமல் செங்கல்லாகவே விட்டு, தரைக்குக் கருப்புக் கடப்பாவும் போட்டார். அவர் வீட்டு ட்யூப்லைட் இன்னும் மதியம் எரிகிறது.