ஸ்கோப் மாட்டி "ஜீரோ" செய்து தருகிறோம் என்று காசு வாங்கும் கடைகளிடம் கவனம்

ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் (குறி பார்க்கத் துப்பாக்கிமேல் மாட்டுகிற தொலைநோக்கி) வாங்கப் போகிறவர்கள், முக்கியமாகப் பாலக்காட்டுப் பக்கமிருந்து கோயம்புத்தூருக்குப் போய் வாங்குகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 5,300 ரூபாய் போனது. ஸ்கோப் 4,500, மாட்டி ஜீரோ செய்த கூலி 800. ஜீரோ என்றால், குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்வது. பணத்தைவிட, மகள் ஒன்றரை மாதம் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டில் ஏழெட்டு வருடமாக ஒரு ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் இருக்கிறது. குழலை மடக்கி பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போடுகிற வகை, குழல் துளை 4.5 மி.மீ., சக்தி 20 ஜூலுக்குள் அடங்குவது, அதனால் லைசென்ஸ் வேண்டாத ரகம். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். தோப்பில் அட்டை வைத்துச் சுடுவதில் அவளுக்கு ஆசை வந்தது. ஸ்கோப் இருந்தால் இன்னும் நன்றாக வரும் என்று கேட்டாள். சரி என்று ஜூன் தொடக்கத்தில் இரண்டு பேரும் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போனோம்.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "இதப் போட்டீங்கன்னா போட்டிக்கே போலாம் சார்" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். முதல் பொய் அது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கிற பீப் சைட் வைத்துத்தான் சுடுகிறார்கள். அந்த அட்டையில் பத்துப் புள்ளி கொடுக்கும் இடம் வெறும் அரை மி.மீ. பொட்டு. பிள்ளையைப் போட்டிக்கு அனுப்ப நினைக்கிறவர்கள் ஸ்கோப்பில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம்.

அப்புறம் மாட்டினார். குழல் வாயில் பேனா மாதிரி ஒரு லேசரைச் செருகினார். எதிர்ச் சுவரில், ஐந்து மீட்டர் இருக்கும், சிவப்புப் பொட்டு விழுந்தது. ஸ்கோப்பின் குறுக்குக் கோடு பொட்டின்மேல் வரும்வரை திருகினார். "ஜீரோ ஆயிடுச்சு சார், அப்படியே சுடலாம்." ஒரு பெல்லட்கூட சுடவில்லை. போதாததற்கு, பெல்லட் போடாமலேயே இரண்டு தடவை மடக்கி விசையை இழுத்துக் காட்டினார். ஸ்பிரிங் துப்பாக்கியில் அதைச் செய்யவே கூடாது. பெல்லட் இல்லாவிட்டால் காற்று தடையின்றி வெளியே போய்விடும், உள்ளே பிஸ்டன் மெத்தை இல்லாமல் போய் முட்டும். அப்போதே துப்பாக்கியை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்.

லேசர் வைத்துச் செய்வது ஏன் ஜீரோ ஆகாது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இங்கேதான். எங்கள் துப்பாக்கியில், குழலுக்கு நாலரை செ.மீ. மேலே ஸ்கோப் இருக்கிறது. ஐந்து மீட்டரில் பார்வைக் கோடும் குழலின் கோடும் சந்திக்கும்படி வைத்தால், பத்து மீட்டரில் பார்வைக் கோடு குழலின் கோட்டுக்கு அதே நாலரை செ.மீ. கீழே போய்விடும். பெல்லட்டோ அந்தத் தூரத்துக்குள் சுமார் ஒன்றரை செ.மீ.தான் இறங்கும். மிச்சம் மூன்று செ.மீ. குறிக்கு மேலே. வீட்டுக்கு வந்து பத்து மீட்டரில் சுட்டோம், சொல்லி வைத்தாற்போல் மூன்று செ.மீ. மேலே விழுந்தது. லேசர் நேராகப் போகும், பெல்லட் வளைந்து விழும். அட்டையில் முதல் குண்டாவது விழட்டும் என்பதற்குத்தான் லேசர்.

சரி, நாமே திருத்திக்கொள்வோம் என்று உட்கார்ந்தோம். ஸ்கோப்பின் மேல் திருகில் ஒரு கிளிக் என்றால் 100 கஜத்தில் கால் அங்குலம். அதுவே பத்து மீட்டரில் முக்கால் மி.மீ.கூட வராது. மூன்று செ.மீ. இறக்க நாற்பது கிளிக்குக்கு மேல் திருப்ப வேண்டும். பலர் நாலைந்து கிளிக் திருப்பிவிட்டு ஸ்கோப் வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நாங்கள் நாற்பதும் திருப்பினோம். நடுவுக்கு வந்தது. இருபது குண்டு போனதும் இடப்பக்கம் நகர்ந்தது. திருத்தினோம். மறுநாள் கீழே. அதையும் திருத்தினோம். இரண்டு டப்பா பெல்லட் இப்படியே தீர்ந்தது. "நான்தான் ஆட்றேனோப்பா" என்று அவள் கேட்கக் கேட்க எனக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

ஒருநாள் அவளே கண்டுபிடித்தாள். "அப்பா, மொதல்ல முழு வட்டமா தெரிஞ்சுச்சு. இப்ப ஓரத்துல கறுப்பா விளிம்பு வருது." ஸ்கோப் பின்னால் வந்து கண்ணை நெருங்கினால் அப்படித் தெரியும். மவுன்ட் (ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து நிறுத்தும் கவ்வி) உட்கார்ந்திருந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு முப்பது குண்டு சுட்டோம். கோட்டுக்கும் மவுன்டுக்கும் நடுவே ஆறு மி.மீ. இடைவெளி. ரயிலின் (மவுன்டை மாட்டத் துப்பாக்கிமேல் இருக்கும் நீளத் தடம்) கறுப்புப் பூச்சில் மவுன்ட் இழுத்துக்கொண்டு வந்த இரண்டு வெள்ளைக் கீறல்.

வண்ணாமடையில் ஒரு மிலிட்டரி அண்ணன் இருக்கிறார், ஓய்வு பெற்று வந்தவர். அவரிடம் கொண்டுபோனோம். ஆலன் கீயால் மவுன்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு தகரத் துண்டு விழுந்தது. ஏதோ எண்ணெய் டின்னிலிருந்து வெட்டியது, ஒரு பக்கம் மஞ்சள் பெயின்ட்டில் பாதி எழுத்துகூட இருந்தது. ஏர் ரைஃபிளில் ரயில் 11 மி.மீ. அகலம். கடைக்காரர் போட்டது பெரிய துப்பாக்கிகளின் அகல ரயிலுக்கான, 21 மி.மீ. அளவு மவுன்ட். பிடிப்பு கிடைக்காததால் தகரத்தைச் செருகி இறுக்கியிருக்கிறார். மவுன்ட் நகராமல் இருக்க ஒரு தடுப்பு ஆணி உண்டு, ரயிலின் மேலுள்ள குழியில் உட்காரும். எங்கள் துப்பாக்கியில் அந்தக் குழி இருக்கிறது. அவர் போட்ட மவுன்டில் ஆணி இல்லை.

அண்ணன் ஸ்கோப்பைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினார். உள்ளே கலகலவென்று சத்தம். வெளிச்சத்தில் பார்த்தால் குறுக்குக் கோடு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. எந்தத் தூரத்துக்குத் தெளிவு வைத்தது என்பதற்குப் பெட்டியில் 100 கஜம் என்று போட்டிருந்ததை அவர்தான் காட்டினார். அது தோட்டா போடுகிற துப்பாக்கிக்கான ஸ்கோப். தோட்டாத் துப்பாக்கி பின்னால் மட்டும்தான் உதைக்கும், அதைத் தாங்கும்படி அதன் கண்ணாடிகளைப் பொருத்தியிருப்பார்கள். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் முன்னால் போய் முட்டியதும் முன்பக்கமும் உதறும். அந்த இரண்டாவது உதறல்தான் ஸ்கோப்பை உடைக்கும், மவுன்டைப் பின்னால் நகர்த்தும். இதைத் தாங்கும் என்று ஏர் கன்னுக்காகவே செய்த ஸ்கோப்புகள் இருக்கின்றன. அவற்றில் முன் கண்ணாடியைத் திருகிப் பத்துக் கஜம் வரைக்கும் தெளிவு வைத்துக்கொள்கிற வகை கிடைக்கும். எங்களுடையதில் பத்து மீட்டரில் அட்டை மங்கல். கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் கோடும் குறியைவிட்டு நகர்ந்தது.

துப்பாக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஸ்கோப்பே இல்லாமல், துப்பாக்கியோடு வந்த பழைய ஓப்பன் சைட்டில் (கண்ணாடி இல்லாத குறிமுனை) மகளைச் சுடச் சொன்னார். ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தன. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கடைக்குத் திரும்பிப் போனேன். "உங்க ஊர்ல ஆனி ஆடிக் காத்துங்க, எந்தத் துப்பாக்கியும் நிக்காது" என்றார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்களுக்குத் தெரியாததா? தென்னை மட்டை பறந்து வந்து விழுகிற காற்று. அரை கிராம் பெல்லட்டை அது தள்ளும் என்பதும் உண்மைதான். ஆனால் நாங்கள் சுட்டது கடலைக்காய் போட்டுவைக்கிற கொட்டகைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. அதைச் சொன்னதும் துப்பாக்கி பழசு என்றார். ஐந்து குண்டு விழுந்த அட்டையைக் காட்டினேன். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று இருப்பதைக் காட்டினார். கடைசியாக, "நீங்க கேரளா, கேஸ் போட்டாலும் இங்கதான் வந்து அலையணும்" என்றார்.

இந்தக் கடைசிப் பேச்சை நம்பித்தான் எல்லைப் பக்கத்து ஆட்கள் விட்டுவிடுகிறோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை கோயம்புத்தூரில் இருந்தாலும் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதை, பில்லில் காலக்கெடு இல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், நியாயமற்ற வணிகமுறை என்று அதே சட்டம் சொல்கிறது. அதனால் முப்பது நாள் தாண்டவிடாதீர்கள். நாங்கள் எங்கள்மேல் தப்பு என்று நினைத்து நாற்பது நாளை விட்டுவிட்டோம். தாண்டினாலும் புகார் கொடுக்க இரண்டு வருடம் வரை இடமுண்டு. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டு முதலில் பதிவு செய்யலாம். பில், பெட்டி, அந்தத் தகரத் துண்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், ரயில் அகலத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி தாங்கும் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஜீரோவுக்கென்று யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். நீங்கள் பிடிக்கிற பிடியில், நீங்கள் போடுகிற பெல்லட்டில் நீங்களே வைத்தால்தான் அது நிற்கும். மிலிட்டரி அண்ணன் தன் பழைய ஏர் கன் ஸ்கோப்பையும், ஆணி வைத்த 11 மி.மீ. மவுன்டையும் இரவல் கொடுத்தார். துப்பாக்கியை மூட்டைமேல் அழுத்தி வைக்காமல், விரித்த உள்ளங்கையில் எடை நடுவாக நிற்கும்படி தளர்வாக வைக்கச் சொன்னார். இறுக்கிப் பிடித்தால் உதறல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி போகும். ஐந்து குண்டு சுட்டு, ஐந்துக்கும் நடு எது என்று பார்த்து, அதற்குத் தகுந்த மாதிரிதான் கிளிக் திருப்ப வேண்டும். ஒரு குண்டு விலகியதும் திருகைத் தொடக்கூடாது. பத்து மீட்டரில் சரியானதும் இருபதுக்குப் போனோம். மொத்தம் முப்பத்தைந்து குண்டில் முடிந்தது.

அட்டைக்குப் பின்னால் தேங்காய் நார்க் கழிவு திணித்த மரப்பெட்டி, அதற்குப் பின்னால் மண்மேடு. கல்லிலோ இரும்பிலோ பட்டால் பெல்லட் திரும்பி வரும், கண் போய்விடும். கடலைக் காட்டுக்கு மயில் வருகிறது, ஒன்று போட்டுக் கொடு என்று பக்கத்துக் காட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எங்கள் வீட்டுத் துப்பாக்கி அட்டைக்கு மட்டும்தான்.

கடைக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள், அதற்கான ஒப்புகையும் வந்துவிட்டது. இன்னும் மூன்று நாள் பார்த்துவிட்டுப் பாலக்காட்டுக்குப் போகிறேன்.